ரீட்டா உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான்

1

எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் வழக்கமாக வருவது மூன்றே சரக்கு. காலை வணக்கம் சொல்லும் ரோஜாப்பூ, யாராவது ஒருவருடைய கல்யாண நாள், குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறதா இல்லையா என்ற தகவல். நியூசிலாந்தில் பதினெட்டு வருஷமாகக் குடியிருக்கும் எனக்கு அந்த மூன்றாவது தகவலால் எந்தப் பிரயோஜனமும் கிடையாது. ஆனாலும் அதைத்தான் முதலில் பார்ப்பேன்.

போன ஜூலையில் ஒரு காலை. இங்கே ஹாமில்டனில் அப்போது நடுக்குளிர்காலம். காரின் கண்ணாடியில் படிந்த உறைபனியைப் பழைய பிளாஸ்டிக் அட்டையால் சுரண்டிக்கொண்டே போனைத் திறந்தேன். ரோஜாப்பூ இல்லை. ஒரு வீடியோ இருந்தது. அதற்குக் கீழே சித்தி பையன்களும் பெரியம்மா பெண்களும் சிரித்துச் சிரித்து அனுப்பிய மஞ்சள் மூஞ்சிகள் நாற்பதாவது இருக்கும்.

குற்றாலம் பேரருவிக்குப் போகும் கடைவீதி. சாரல் விழுகிறது. ஈரத்துண்டும் எண்ணெய்த் தலையுமாக ஜனங்கள் ஓடுகிறார்கள். நடுத்தெருவில் ஈர வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இரண்டு கையையும் விரித்துக் கூட்டத்தைப் பின்னால் தள்ளிக்கொண்டிருப்பவர் என் அண்ணன்.

“அடுப்ப அணைங்க! சிப்ஸ் கடையில ஒருத்தரும் நிக்கப்படாது! அம்மா, புள்ளயத் தூக்கிட்டு அங்கன போங்க! செல்போன யாரும் எடுக்கப்படாது!”

இதைச் செல்போனில்தான் எடுத்திருந்தார்கள்.

அண்ணனுக்குப் பின்னால், நேந்திரங்காய் மூட்டைகளுக்கு முன்னால், ரீட்டா உட்கார்ந்திருந்தாள். ரீட்டா ஒரு கறுப்பு லாப்ரடார். போலீஸ் மோப்ப நாயாக இருந்து ஓய்வு பெற்றவள். வெடிகுண்டு கண்டுபிடிப்பதுதான் அவள் பார்த்த உத்தியோகம்.

சிப்ஸ் கடைக்காரர் கையில் கரண்டியோடு கெஞ்சுவது கேட்கிறது. “அண்ணாச்சி, ஒரு சட்டி அரைவேக்காட்டுல கெடக்கு. அத மட்டும் அரிச்சு எடுத்துக்கிடுதேன்.”

“உசிரு முக்கியமா, சிப்ஸ் முக்கியமா வே?”

அப்புறம் ஜீப் வந்தது. காக்கிச் சட்டைகள் வந்தார்கள். மூட்டைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துத் தெருவில் கொட்டினார்கள். கிடைத்தவை நேந்திரங்காய், உப்பு, கடைக்காரர் எங்கோ தொலைத்துவிட்டதாக நினைத்திருந்த ஒரு ஜோடிச் செருப்பு. வீடியோ அத்தோடு முடிகிறது. “ரிட்டயர் ஆனாலும் எங்க அண்ணாச்சிக்கு டூட்டி ஓயல” என்று ஒரு தம்பி எழுதியிருந்தான்.

நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். மறுபடி ஒருமுறை போட்டுப் பார்த்தேன். இரண்டாம் தடவை என்னால் சிரிக்க முடியவில்லை. ரீட்டா உட்கார்ந்திருந்த விதம் சரியில்லை.

2

எங்கள் சொந்த ஊர் செங்கோட்டை பக்கம் இலத்தூர். வீட்டில் நெல்வயலும் இருந்தது, காக்கிச் சட்டையும் இருந்தது. வயல் பெரிய அண்ணனுக்கு, காக்கி சின்ன அண்ணன் சண்முகவேலுக்கு என்று தானாகவே பிரிந்துகொண்டது. நான் கடைக்குட்டி. சின்ன அண்ணனுக்கும் எனக்கும் பதின்மூன்று வயசு வித்தியாசம். அவர் போலீஸில் சேர்ந்து, பாதி சர்வீஸைத் துப்பறியும் நாய்ப் பிரிவில் கழித்தார். கடைசி நாய் ரீட்டா. இரண்டு பேரும் ஒரே வருஷத்தில் ஓய்வு பெற்றார்கள். காகிதமெல்லாம் எழுதிக் கொடுத்து அவளை வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில் வீடு. காலையில் இரண்டு பேரும் அருவி வரைக்கும் நடப்பார்கள்.

வெடிகுண்டு நாய்க்கு ஒரு விசேஷமான ஒழுக்கம் உண்டு. திருடனைப் பிடிக்கிற நாய் குரைக்கலாம், பாயலாம். குண்டு தேடுகிற நாய் குரைக்கக் கூடாது, காலால் பிராண்டக் கூடாது, எதையும் மூக்கால் தள்ளக் கூடாது. கண்டுபிடித்தால் சத்தம் காட்டாமல் உட்கார வேண்டும். உட்கார்ந்து, கூட்டி வந்தவரின் முகத்தைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் அதன் பாஷை. சம்பளம் ஒரு ரப்பர் பந்து.

அண்ணன் அவளிடம் பேசுவதெல்லாம் இங்கிலீஷ். சிட், ஸ்டே, ஹீல், டவுண். வெளிநாட்டுக்காரன் வழி கேட்டால் மதினியை முன்னால் தள்ளிவிட்டுப் பின்னால் போய் நிற்பவர், ரீட்டாவிடம் மட்டும் கவர்னர் மாதிரி இங்கிலீஷ் பேசுவார். பயிற்சி அப்படி.

அவள் வேலை பார்ப்பதை நான் ஒரு லீவில் நேரில் பார்த்திருக்கிறேன். முதுகு நேராக, பின்னங்கால் இரண்டும் உடம்போடு ஒட்ட மடங்கி, முதல் பெஞ்சுப் பெண் மாதிரி உட்காருவாள். வீடியோவில் அவளுடைய வலது பின்னங்கால் பக்கவாட்டில் விலகிக் கிடந்தது. பாரம் முழுவதும் இடது பக்கம். காது பின்னால் படிந்திருந்தது. நாக்கால் உதட்டை நக்கி நக்கி விட்டுக்கொண்டிருந்தாள்.

அவள் குண்டுக்காக உட்காரவில்லை. நடக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறாள். இருபது வருஷமாக நாய்கள் உட்காருவதை ஒரே அர்த்தத்தில் மட்டும் படித்துப் பழகிய ஒரு மனிதர், ஒரு கடைவீதியையே காலி பண்ணிவிட்டார்.

3

இதை நான் எப்படிக் கண்டுபிடித்தேன் என்றால், அதுதான் என் பிழைப்பு. இங்கே ஒரு கால்நடை மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன். ஊரில் இதைச் சொன்னால், “நர்ஸுதான, ஆசுபத்திரியில தான?” என்று கேட்பார்கள். “நாய்க்கும் பூனைக்கும்” என்பேன். அதற்கப்புறம் பேச்சு மழையைப் பற்றித் திரும்பிவிடும்.

நாலைந்து வருஷமாக எனக்கு அங்கே தனியாக ஒரு அறை, ஒரு மெஷின். லேசர் ஒளியால் வலிக்கு வைத்தியம் பார்ப்பது. மூட்டுத் தேய்ந்த கிழட்டு நாய், மாடியிலிருந்து குதித்த பூனை, ஆட்டுமந்தை ஓட்டி ஓட்டி இடுப்பு விட்டுப்போன மேய்ச்சல் நாய், எல்லாம் என்னிடம் வரும். ஒரு கைப்பிடியை வலிக்கிற இடத்தின் மேல் மெதுவாக நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். ஒளி தோலுக்குள் இறங்கி இதமாகச் சூடேற்றும். வீக்கம் வடியும், வலி குறையும். மந்திரம் எதுவும் இல்லை. தேய்ந்த எலும்பு திரும்ப வளராது. மாத்திரையும் வேண்டும், தீனியும் குறைய வேண்டும். ஆனால் பத்தடி நடக்காத நாய் நூறடி நடக்கும். அது சின்ன விஷயமா?

அறைக்குள் இருக்கிற எல்லாரும் கறுப்புக் கண்ணாடி போட வேண்டும், நோயாளி உட்பட. கறுப்புக் கண்ணாடி போட்ட பூனை உங்களை முறைப்பதைப் பார்த்தால் அன்றைய கவலை பாதி போய்விடும்.

இந்த வேலையில் முக்கியமானது ஒன்று உண்டு. சூடு அதிகமானால் மிருகம் சொல்லிவிடும். காலை இழுக்கும், திரும்பிப் பார்க்கும், பூனையாக இருந்தால் பல்லாலேயே சொல்லும். அந்தச் சொல்லை வைத்துத்தான் நாங்கள் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும். கறுப்பு ரோமம் என்றால் இன்னும் கவனம் வேண்டும், வெளிச்சத்தை அது வாங்கிச் சீக்கிரம் சூடாகிவிடும்.

மிருகம் சொல்லிவிடுகிறது. நாம்தான் சொல்ல மாட்டோம். இங்கே வந்த இரண்டாவது குளிர்காலத்தில் உறைபனியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் ஒரு பெண் கேட்டாள், பூஜ்யத்திலிருந்து பத்துவரை உன் வலிக்கு எத்தனை மார்க் கொடுப்பாய் என்று. எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. புதிதாக வந்த இடத்தில் எட்டு, ஒன்பது என்றெல்லாம் கேட்டால் பேராசைக்காரி என்று நினைத்துவிடுவாளோ என்று “ரெண்டு” என்றேன். மூன்று மணி நேரம் வெளியே உட்கார வைத்துவிட்டார்கள். எக்ஸ்ரேயில் எலும்பு இரண்டு துண்டாகத் தெரிந்தபோது அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது.

4

அன்றைக்கே அண்ணனுக்குப் போன் போட்டேன்.

“அண்ணே, ரீட்டாவுக்கு இடுப்பு வலிக்கி. அதான் உக்காந்துட்டா. டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போங்க.”

“ஏட்டி, நீ அங்கன இருந்துக்கிட்டு எனக்கு நாயப் பத்திச் சொல்லுதியாக்கும்? ரீட்டா உக்காந்தா உக்காந்ததுதான். சர்வீஸ்ல ஒரு தடவகூட அவ பொய்யா உக்காந்தது கெடையாது. நாங்க தேடுததுக்கு முந்தி எவனோ எடுத்துட்டுப் போயிருக்கான்.”

“நேந்திரங்காய் மூட்டையிலயா?”

“நீ போன வை.”

மதினி கோமதி பிறகு தனியாகக் கூப்பிட்டாள். அவர் ஒரு நோட்டுப் போட்டு, அன்றைக்குக் கடையைக் கடந்து போன ஆட்டோ நம்பர்களையெல்லாம் விசாரித்து எழுதிக்கொண்டிருக்கிறாராம். ஸ்டேஷனிலிருந்து எழுத்துமூலம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். “நாய் தவறு செய்தது” என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும், மூடிவிடுவார்கள். அந்த ஒரு வரியை எழுத அவருக்குக் கை வரவில்லை. “அவ பாவம், மாடிப்படியில கால வைக்கா, எடுக்கா, வைக்கா, எடுக்கா. இவுக பாத்துட்டு, மாடியில என்னமோ இருக்குன்னு தண்ணித் தொட்டியில எறங்கித் தேடுதாக” என்றாள் மதினி.

இதற்கு மேல் பொறுக்க முடியாது என்று எனக்குப் பட்டது. டிசம்பருக்கு வைத்திருந்த லீவை முன்னால் இழுத்தேன். காரணம் எழுத வேண்டிய கட்டத்தில் “குடும்பத்தில் ஒருவருக்கு உடல்நலக் குறைவு” என்று எழுதினேன். என் மேலாளர், யாருக்கு, என்ன உறவு என்று அக்கறையாகக் கேட்டாள். உண்மையைச் சொன்னேன். உடனே கையெழுத்துப் போட்டாள். மனுஷருக்கு என்று சொல்லியிருந்தால் இரண்டு நாள் யோசித்திருப்பாள் என்று நினைக்கிறேன்.

பதினைந்து வயசு மகள் யாழினியும் கூட வந்தாள். பள்ளி விடுமுறை, வேறு வழியில்லை. அவளிடம் எதைக் கேட்டாலும் “ஃபைன்” என்பாள். பள்ளி எப்படி? ஃபைன். சாப்பாடு? ஃபைன். கண் சிவந்திருக்கிறதே? ஃபைன். தமிழ் அவளுக்குப் புரியும், பேச வெட்கம். போன தடவை ஊருக்குப் போனபோது பத்து நாளும் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு மூலையில் கிடந்தாள்.

இந்தத் தடவை வீட்டுக்குள் நுழைந்த அரைமணி நேரத்தில் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டாள். அந்த வீட்டில் இங்கிலீஷ் மட்டுமே தெரிந்த ஒரு ஜீவன் இருக்கிறது. “ரீட்டா, கம்” என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். ரீட்டா அவள் முகத்தையே பார்த்தாளே தவிர அசையவில்லை. அண்ணன் ஓடி வந்தார்.

“இப்படி வழவழன்னு சொல்லக்கூடாது புள்ள. வெட்டிச் சொல்லணும். கம்! சிட்! எங்க, சொல்லு பாப்போம்.”

பத்து வருஷமாக என் இங்கிலீஷைத் திருத்திக்கொண்டிருந்தவளுக்கு, தென்காசியில் வைத்து அவள் இங்கிலீஷைத் திருத்த ஆள் கிடைத்தது. எனக்கு அந்தப் பயணத்தின் டிக்கெட் காசு அப்போதே வசூலாகிவிட்டது.

ஆனால் ரீட்டாவைத் தொட்டுப் பார்த்தபோது சிரிப்பெல்லாம் போய்விட்டது. வலது தொடையில் சதை வற்றிப் போயிருந்தது. இடுப்பு மூட்டில் கை வைத்ததும் உடம்பு முழுக்க ஒருமுறை இறுகித் தளர்ந்தது. சத்தம் இல்லை.

அண்ணனிடம் சண்டை போட்டுப் பலனில்லை என்று தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். “அண்ணே, அவ பொய் சொல்லலன்னு நானும்தான் சொல்லுதேன். அங்கன ஒண்ணு இருந்துச்சு. அவ அதக் கண்டுபிடிச்சு ஒங்களப் பாத்து உக்காந்தா. நீங்க மூட்டையில தேடுனீங்க. அது அவ இடுப்புல இருந்துச்சு.”

அவர் ரீட்டாவின் இடுப்பில் கை வைத்துப் பார்த்தார். அப்புறம் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு, “எந்த டாக்டர்?” என்றார். மறுநாள் தென்காசி கால்நடை ஆஸ்பத்திரியில் எடுத்த எக்ஸ்ரேயில் மூட்டு தேய்ந்திருந்தது தெளிவாகத் தெரிந்தது. அன்று சாயங்காலமே ஸ்டேஷனுக்கு விளக்கம் எழுதிக் கொடுத்துவிட்டார். நாய் தன் கடமையைச் சரியாகச் செய்தது, அது தெரிவித்த தகவலைக் கையாளுநர் தவறாகப் புரிந்துகொண்டார் என்று இரண்டு வரி. சிப்ஸ் கடைக்காரரிடமும் நேரில் போய்ச் சொல்லிவிட்டு, இரண்டு கிலோ வாங்கிக்கொண்டு வந்தார்.

5

ஆலங்குளம் போகிற சாலையில் தனியார் கால்நடை மருத்துவமனை ஒன்று புதிதாக வந்திருந்தது. நான் நியூசிலாந்திலிருந்து என்னென்னவோ அறிவுரைகளோடு போனால், அங்கே நான் பயன்படுத்துவதைவிடப் புது லேசர் மெஷின் நிற்கிறது. டாக்டர் அஞ்சு, புளியறை தாண்டிக் கேரளப் பக்கத்துப் பெண். தமிழ் பேசுவாள், அவசரத்தில் மலையாளத்தில் முடித்துவிடுவாள். எனக்கு லீவு மூன்று வாரம். அதற்குள் ஏழெட்டுத் தடவை பண்ணிப் பார்த்துவிடலாம் என்றாள்.

முதலில் படிவம். உரிமையாளர் பெயர் என்ற இடத்தில் அண்ணன் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தார். “நான் எப்படி ஓனரு? அவ சர்க்கார்ல வேல பாத்தவ” என்று சொல்லி, அந்த வார்த்தையை அடித்துவிட்டுக் கையாளுநர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ரீட்டாவின் சர்வீஸ் புத்தக நகலையும் பின்னால் கோத்துக் கொடுத்தார். அவளுக்கு என் பயோடேட்டாவைவிடக் கனமான பயோடேட்டா.

அடுத்தது எண்ணெய். லேசருக்குப் போகும் நாய்க்குத் தோல் சுத்தமாக, காய்ந்து இருக்க வேண்டும், எண்ணெய்ப் பசை இருந்தால் சுட்டுவிடும் என்று நான் சொல்ல மறந்துவிட்டேன். வைத்தியம் என்றால் முதலில் எண்ணெய் தேய்ப்பதுதானே குற்றால வழக்கம்? அருவிக்கரையில் ஆளைப் படுக்கப் போட்டு எப்படி மசாஜ் பண்ணுவார்களோ, அப்படியே மதினி ரீட்டாவுக்கு இடுப்பிலிருந்து வால் வரைக்கும் தைலம் தேய்த்து அனுப்பியிருந்தாள். டாக்டர் கையை வைத்தாள், வழுக்கியது. “ஐயோ சேச்சி, இது வறுக்கவா கொண்டு வந்நது?” என்று கேட்டாள். வீட்டுக்குத் திரும்பி, சீயக்காய் போட்டுக் குளிப்பாட்டி, துவட்டி, மறுநாள் வந்தோம்.

எல்லாரும் கறுப்புக் கண்ணாடி போட்டோம். ரீட்டாவுக்கும் ஒன்று. “டவுண்” என்றார் அண்ணன். படுத்தாள். “ஸ்டே” என்றார். அவ்வளவுதான், அச்சடித்த மாதிரி கிடந்தாள். டாக்டருக்கு ஒரே ஆச்சரியம். இவ்வளவு அடக்கமான நோயாளியை அவள் பார்த்ததே இல்லையாம். அண்ணன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மார்பை நிமிர்த்தி, மேசைக்கு முன்னால் விறைப்பாக நின்றார். முகத்தில் அப்படி ஒரு பெருமை.

நான் மெஷினின் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாழினிதான் என் கையைக் கிள்ளினாள். இங்கிலீஷில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். “அம்மா, அவள் நல்லா இல்லை. மரியாதைக்காகச் சும்மா இருக்கிறாள்.”

குனிந்து பார்த்தேன். ரீட்டாவின் வால் நுனி மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது. “டாக்டர், நிறுத்துங்க” என்றேன். அவள் உடனே எடுத்துவிட்டாள். ரோமத்தை விலக்கித் தோலில் கை வைத்தால், இருக்க வேண்டியதைவிட நல்ல சூடு. நல்லவேளை, காயம் எதுவும் இல்லை. வேறு எந்த நாயாக இருந்தாலும் எப்போதோ துள்ளி இறங்கியிருக்கும். இவள் ஸ்டே என்று சொன்ன வார்த்தைக்காகப் பொறுத்துக்கொண்டு கிடந்திருக்கிறாள்.

அண்ணனின் முகம் சுருங்கிவிட்டது. “நான் சொன்னதுக்காகவா?” என்று கேட்டார்.

வீட்டுக்கு வரும் வழியில் யாழினி ரீட்டாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். மரியாதைக்காகச் சும்மா இருக்கிறாள் என்பதை அவள் எப்படி அவ்வளவு சீக்கிரம் கண்டுகொண்டாள் என்று எனக்கு ஓடிக்கொண்டே இருந்தது. அவளுடைய ஃபைன்களையெல்லாம் நான் எத்தனை வருஷமாக அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறேன் என்றும் நினைத்தேன். கேட்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி ஒரு பாட்டம் அழுதுவிட்டேன்.

6

டாக்டருக்கு ஒரு சிக்கல். கறுப்பு நாய், சூடு தாங்காமல் போனாலும் சொல்ல மாட்டாள். அதனால் அடுத்த இரண்டு தடவையும் அளவை மிகவும் குறைத்துப் பண்ணினாள். அந்த அளவுக்கு ஒன்றும் ஆகாது என்று எனக்கே தெரியும். ஆகவும் இல்லை. ரீட்டா வாசல்படியில் காலை வைத்து, எடுத்து, திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

“அண்ணாச்சி, இவ எப்போ சூடாகுதுன்னு எங்கிட்டச் சொல்லணும். சொன்னா மட்டுமே எனிக்குக் கூட்ட முடியும். இல்லெங்கில் வெறும் டார்ச் லைட்டு” என்றாள் டாக்டர்.

“நான்தான் இப்போ ஸ்டே சொல்லுததே இல்லையே டாக்டரம்மா.”

“சொல்லண்டா. நீங்க நிக்கிற நிப்பே ஆர்டர்தானே?”

உண்மைதான். அவர் வாயைத் திறக்கவில்லை. ஆனால் கையைப் பின்னால் கட்டி, விறைப்பாக, பரேடில் நிற்பது போல நின்றார். ரீட்டா கறுப்புக் கண்ணாடிக்குள்ளிருந்தும் அவர் இருக்கும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு லீவில் எட்டு நாள்தான் மீதி இருந்தது.

நான்காவது தடவை டாக்டர் ரீட்டாவை மேசையில் ஏற்றவில்லை. தரையில் பாயை விரித்துப் படுக்க வைத்தாள். “அண்ணாச்சியும் இரிக்கணும்” என்றாள். அண்ணன் சுற்றுமுற்றும் பார்த்தார். பாதி சர்வீஸ் நாயோடு நின்றவர், நடந்தவர், ஓடியவர். தரையில் உட்கார்ந்ததில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு முனகி முனகி ஒருவழியாக உட்கார்ந்தார். ரீட்டாவுக்கு ஒன்றும் புரியவில்லை. தலையைத் தூக்கி, அவர் எங்கே போனார் என்று மேலே முகர்ந்தாள். அப்புறம் பக்கத்திலேயே மூச்சைக் கண்டுபிடித்து, தலையை மறுபடி கீழே வைத்தாள்.

“பேசுங்க” என்றாள் டாக்டர்.

“என்ன பேச? எனக்கு நாலு கமாண்டுதான் தெரியும். அதச் சொல்லக்கூடாதுங்கியளே.”

“தமிழ்ல பேசுங்க மாமா” என்றாள் யாழினி. தமிழில்தான் சொன்னாள்.

அண்ணன் இன்னும் கொஞ்சம் கிட்ட நகர்ந்தார். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் ரீட்டாவின் கழுத்தில் வைத்தார். “ஏட்டி ரீட்டா” என்றார். அத்தனை வருஷத்தில் அவளைத் தமிழில் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகு அணை திறந்த மாதிரி வந்தது.

“வலிக்கா ஒனக்கு? எத்தன நாளா வலிக்கி? பஸ் ஸ்டாண்டு பூரா, ரயிலு பூரா, கோயிலு பூரா ஒன்னக் கூட்டிட்டு அலஞ்சேனே, ஒரு நாளாவது முடியலன்னு சொன்னியா நீ? சிப்ஸ் கடையில வந்து சொல்லியிருக்க. நான் ஒரு கூறுகெட்டவன், நேந்திரங்காய அவுத்துப் பாத்துட்டிருந்திருக்கேன். இனிமே சொல்லு என்ன. சுட்டுச்சின்னா சொல்லு. யாரும் ஒன்ன ஒண்ணும் சொல்ல மாட்டாக. டூட்டி முடிஞ்சு போச்சுட்டி. ரெண்டு பேருக்கும் முடிஞ்சு போச்சு.”

டாக்டர் கைப்பிடியை நகர்த்திக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக அளவை ஏற்றினாள். நான் ரீட்டாவின் தோலில் விரலை வைத்தபடியே இருந்தேன். அண்ணன் பேசிக்கொண்டே இருந்தார். மதினி வைத்த குழம்பு, பென்ஷன் ஆபீஸில் இரண்டு தடவை திருப்பி அனுப்பியது, எதிர்வீட்டுக்காரன் ரோட்டில் மணல் கொட்டியது எல்லாம் ரீட்டாவுக்குச் சொல்லியாயிற்று. பென்ஷன் ஆபீஸுக்கும் மணலுக்கும் நடுவில் எங்கோ, ரீட்டாவின் வலது கால் விசுக்கென்று பின்னால் இழுத்துக்கொண்டது. தலையைத் திருப்பி டாக்டரின் கையைப் பார்த்து “உர்ர்” என்றாள்.

டாக்டர் கையை எடுத்தாள்.

“ஏ, கேட்டியளா?” அண்ணன் கறுப்புக் கண்ணாடியோடு எங்களை மாறி மாறிப் பார்த்தார். “உறுமிட்டா! டாக்டரம்மா, ஒங்களப் பாத்து உறுமிட்டா!” மகன் ஐ.ஏ.எஸ். பாஸாகிவிட்டான் என்று சொல்கிறவரின் குரல் அது. யாழினி கைதட்டினாள். டாக்டர் சிரித்துக்கொண்டே அந்த அளவைச் சீட்டில் குறித்து, அதற்கு ஒரு படி கீழே வைத்து மறுபடி ஆரம்பித்தாள். அன்றைக்குத்தான் ரீட்டாவுக்கு ஒழுங்கான வைத்தியம் தொடங்கியது.

7

நாங்கள் திரும்பும்போது ரீட்டா வாசல்படி மூன்றில் இரண்டை ஏறியிருந்தாள். இங்கே விமான நிலையத்தில், சமீபத்தில் விலங்குகளோடு பழகினீர்களா என்ற கேள்விக்கு யாழினி ஆம் போட்டாள். அதிகாரி என்ன மாதிரி விலங்கு என்று கேட்டதற்கு, “ஓய்வு பெற்ற போலீஸ் அதிகாரி” என்று பதில் சொல்லி, எங்கள் இரண்டு பேரையும் கால்மணி நேரம் தனியாக நிற்க வைத்தாள். குற்றாலத்துச் சேறு ஒட்டிய செருப்புகளைக் கழுவித் தந்தார்கள். சிப்ஸைப் பிரித்து முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள்.

இப்போது வாரத்தில் ஒரு நாள் சாயங்காலம் ஊருக்குப் பேசுகிறோம். அங்கே மத்தியானம். போனை வைத்துக்கொள்வது யாழினி, நான் பக்கத்திலிருந்து எட்டிப் பார்க்க வேண்டும். அவள் தமிழ் தாறுமாறாகத்தான் இருக்கிறது. அண்ணன் திருத்துவதில்லை. போன மாதம் அவள் தன் கிளாஸில் ஒருத்தியோடு பேச்சில்லாமல் போனதைப் பற்றி அவரிடம் பாதித் தமிழும் பாதி இங்கிலீஷுமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு அதுவரை தெரியாது. பாத்திரம் தேய்க்கிற சாக்கில் நின்று முழுவதையும் கேட்டுக்கொண்டேன்.

நேற்றும் பேசினோம். லேசர் இப்போது பதினைந்து நாளுக்கு ஒரு தடவைதானாம். மாத்திரை பாதியாகிவிட்டது. மூன்று படியும் ஏறுகிறாளாம், மழை நாளில் மட்டும் கொஞ்சம் திணறுகிறாளாம்.

“நல்லா இருக்காளா மாமா?” என்றாள் யாழினி.

“அவளுக்கு என்ன? இந்த வீட்டுல இப்போ அவதான் இன்ஸ்பெக்டரு. கூப்பிட்டா வரமாட்டா. சாப்பாடு பிடிக்கலன்னா தட்டத் தள்ளி விடுதா. நேத்து ஒங்க அத்த வாலத் தெரியாம மிதிச்சிட்டா, இவ என்னமா ஏசுனா தெரியுமா, தெரு முழுக்கக் கேட்டுச்சு. என் சர்வீஸ்ல இப்படி ஒரு அடங்காத நாய நான்...”

உள்ளே எங்கேயோ ஒரு குரைப்பு கேட்டது. கனமான, கட்டையான, பழக்கம் இல்லாத குரல். அண்ணன் பாதியில் நிறுத்திவிட்டார். நாற்காலி நகர்ந்தது.

“இருங்க புள்ள, அவ கூப்பிடுதா. என்னன்னு கேட்டுட்டு வாரேன்.”